வீட்டுப் பூனைக்குக் கணக்கில்லை

எங்கள் வீட்டில் ஒரு கரும்பூனை இருக்கிறது. பெயர் என்று ஒன்று வைத்தோம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததால் இப்போது எல்லோருமே 'ஏய்' என்றுதான் கூப்பிடுகிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்ய வேண்டிய வேலை மலை மாதிரி கிடக்க, இந்தப் பூனை ஒரு நாளில் எத்தனை முறை எனக்குக் குறுக்கே போகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். படுக்கையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு. பால் பாத்திரத்தை எடுத்ததும் ஒரே நிமிடத்தில் ஏழு, அதுவும் கால்களுக்கு நடுவில். மதியத்துக்குள் முப்பத்தொன்று ஆனதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு குறுக்குக்கு ஒரு கெடுதல் என்று வைத்தாலும் அன்றைக்கு என் வீடு இடிந்து விழுந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால் சாயங்காலம் ஒரு டம்ளர் உடைந்தது, அதையும் பூனைதான் தள்ளிவிட்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை. "வீட்டுப் பூனைக்குக் கணக்கில்லைடி" என்றார்.

இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. சரி, வேறு என்னென்ன விதிகள் உண்டு என்று கேட்டால் வந்துகொண்டே இருந்தது. வெள்ளைப் பூனை என்றால் பரவாயில்லை. வலப்பக்கம் போனால் ஒன்று, இடப்பக்கம் போனால் ஒன்று (எது நல்லது என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் முப்பது வருடமாக ஒத்துப்போகவில்லை). நமக்கு முன்னால் வேறு யாராவது அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் தோஷம் அவர்களோடு போய்விடும். திரும்பி வந்து கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாலும் சரியாகிவிடும். கேட்டு முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: சட்டம் ஒரு வரி, விலக்கு ஒரு பக்கம். இத்தனை ஓட்டை வைத்தவர்களுக்கு, ஓட்டை இல்லாவிட்டால் ஒருவரும் எங்கும் போய்ச்சேர முடியாது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உலகத்தைச் சுற்றிப் பார்த்தால் இந்த ஓட்டைகள் இன்னும் பெரிதாகின்றன. ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் அமெரிக்காவிலும் கரும்பூனை குறுக்கே வந்தால் கெட்டது. பிரிட்டனில், குறிப்பாக ஸ்காட்லாந்தில், அதே கரும்பூனை அதிர்ஷ்டம். ஜெர்மனிக்குப் போனால் பிரச்சினை நிறத்தோடு முடியாது, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்று கேட்பார்கள், அம்மாவும் பெரியம்மாவும் அங்கே போனால் சண்டை போட ஆள் நிறையக் கிடைக்கும். ஆங்கிலம் பேசுகிற பூனைக்கு ஒன்பது உயிர், ஸ்பானிஷ் பேசுகிற பூனைக்கு ஏழுதான். அந்த இரண்டு உயிர் எங்கே போனது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

குழந்தை விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் பயந்திருக்கிறார்கள். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனைதான், அங்கே பூனையை அடித்தால் அவள் கோபித்துக்கொள்வாள். இரண்டு இடத்திலும் பூனை செய்தது ஒரே காரியமாகத்தான் இருக்க வேண்டும்: கதகதப்பாக ஓர் உடம்பு படுத்திருக்கிறது என்று பார்த்துப் பக்கத்தில் போய்ச் சுருண்டிருக்கும். பச்சைக் குழந்தை தூங்குகிற இடத்தில் பூனையை விடாமல் இருப்பது நல்லதுதான், முகத்தின் மேல் படுத்துவிட்டால் ஆபத்து, அதற்குச் சூனியம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரே சுருட்டலை ஓர் ஊர் கொலை என்று படித்தது, இன்னோர் ஊர் காவல் என்று படித்தது.

பூனை சாமியாக இருந்த இடத்துக்கும் போய்ப் பார்க்கலாம். எகிப்தில் வீட்டுப் பூனை இயற்கையாகச் செத்தால் அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். (நாய் செத்தால் தலையும் உடம்பும் முழுக்க மழிப்பார்களாம். பூனை வளர்ப்பவர்கள் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம்.) டியோடோரஸ் என்ற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்குப் போனபோது தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்: ஒரு ரோமானியர் தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட, கூட்டம் அவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது, அரசர் அனுப்பிய அதிகாரிகள் கெஞ்சியும், ரோமாபுரியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஆகா, பூனையாகப் பிறந்தால் எகிப்தில் பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மம்மிகளின் கதை தெரியவந்தது. பூனை முகம் கொண்ட பாஸ்டெட் தேவிக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், அவற்றில் நிறையப் பூனைகள் இளசுகள் என்றும் கழுத்து முறிக்கப்பட்டிருந்தன என்றும் கண்டார்கள். காணிக்கைக்கு மம்மி வேண்டும், மம்மிக்குச் செத்த பூனை வேண்டும், இயற்கையாகச் சாகும் பூனைகள் போதாது. அதனால் வளர்த்தார்கள், முறித்தார்கள், துணி சுற்றினார்கள். பிறகு 1890-இல் அந்த மம்மிகளில் சுமார் 19 டன் கப்பலேறி இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் போனது, ஏலம் விட்டு வயலுக்கு உரமாக்கினார்கள். சாமியாக இருந்தாலும் சனியனாக இருந்தாலும் கடைசியில் செலவு பூனையின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. பெல்ஜியத்தில் ஈப்ரு நகரத்து மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே வீசுவது ஒரு திருவிழாவாகவே நடந்தது. கடைசியாக உயிருள்ள பூனையை வீசியது 1817-இல். இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர்வலம் நடத்திப் பொம்மைப் பூனையை வீசுகிறார்கள்.

மூடநம்பிக்கையைக் கேலி செய்கிற நம்மிடமும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. இணையத்தில் எப்படியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: போப் ஒன்பதாம் கிரிகோரி பூனைகளைக் கொல்ல ஆணையிட்டார், ஐரோப்பாவில் பூனைகள் அழிந்தன, எலி பெருகியது, பிளேக் வந்து கோடிக்கணக்கில் செத்தார்கள், பூனையின் பழி வாங்கல். கேட்கச் சுகமாக இருக்கிறது, நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். 1233-இல் அவர் எழுதிய கடிதம் உண்மைதான். அதில் ஜெர்மானிய மதவிரோதிகளின் ரகசியச் சடங்கு என்று ஒரு விவரணை வருகிறது, ஒரு சிலையிலிருந்து நாய் அளவுள்ள கரும்பூனை வாலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வருகிறது. ஆனால் பூனைகளைக் கொல்லுங்கள் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. பிளேக் ஐரோப்பாவுக்கு வந்தது 1347-இல், நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. பூனைகளைச் சீராட்டிய கெய்ரோவிலும் அதே பிளேக் வாரிக்கொண்டு போனது. பூனைக்கே பிளேக் வரும், மனிதனுக்கும் தொற்ற வைக்கும். ஆக, நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்து நிற்கிற கதை என்பதால் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. குறுக்கே போன பூனையால் காரியம் கெட்டது என்று நம்புவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பூனை என்றாலே ஏன் இத்தனை கதை? மாட்டுக்கும் நாய்க்கும் இவ்வளவு கட்டவில்லையே. இருட்டில் ஒளிரும் கண் ஒரு காரணம். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டு இன்னொரு முறை திரும்பி வருகிறது, நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் பார்வை தெரியும். விளக்கு இல்லாத காலத்தில் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு பச்சை நெருப்பு நம்மைப் பார்த்தால் நானும் ஏதாவது சாமி பெயரைச் சொல்லியிருப்பேன். காது இன்னொரு காரணம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது அடைத்துவிடும், பூனைக்கு 60,000-த்தைத் தாண்டியும் கேட்கும். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு பூனை பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அங்கே ஆவி நிற்கிறது என்போம், சுவருக்குள் எலிக்குஞ்சு கத்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு முறை பயந்தேன், மூன்றாம் நாள் பரண் அட்டைப்பெட்டிக்குள் குடும்பமே கிடைத்தது.

அந்த ஒன்பது உயிர்க் கதையும் இப்படி வந்ததுதான். தலைகீழாக விழுந்தாலும் காற்றிலேயே உடம்பை முறுக்கிக் காலில் இறங்கும். இது எப்படி என்று 1894-இல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் பூனையைக் கீழே விட்டு நொடிக்குப் பல படங்களாக எடுத்துக் காட்டினார். 1987-இல் நியூயார்க்கில் இரண்டு கால்நடை மருத்துவர்கள், மாடிகளிலிருந்து விழுந்து தங்கள் மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன, ஏழு மாடிக்கு மேல் விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றுகூடத் தெரிந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஒரு சின்ன விஷயம் மட்டும்: கீழே விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். கணக்கில் வந்தது மருத்துவமனை வரை உயிரோடு வந்தது மட்டும். சகுனக் கணக்கும் இதே கணக்குதான், பூனை குறுக்கே வந்தும் நன்றாக முடிந்த நாட்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எல்லாமே பொய் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. பூனை முடி வயிற்றுக்குள் போனால் இளைப்பு வரும் என்பார் பாட்டி. முடி வயிற்றுக்குள் போய் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம் முடியில் ஒட்டிக் காற்றில் பறக்கிறது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மெய்யாகவே மூச்சு இளைக்கிறது. கர்ப்பிணி பூனையிடம் போகக் கூடாது என்பதும் அப்படித்தான், பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம், கருவைப் பாதிக்கலாம், அந்த மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். காரணம் தப்பு, எச்சரிக்கை சரி. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் ஆஸ்கர் என்ற பூனை யார் பக்கத்தில் போய்ப் படுக்கிறதோ அவர் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறார் என்று டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார். அப்போதே இருபத்தைந்துக்கு மேல் ஆகியிருந்தது. இறக்கும் உடம்பிலிருந்து வரும் வாசனையாக இருக்கலாம் என்கிறார்கள், அசையாமல் கிடக்கும் உடம்பும் சூடான போர்வையும் பிடித்திருக்கலாம் என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அங்கே இருந்த செவிலியர்கள் செய்த காரியம். அந்தப் பூனையைத் துரத்தவில்லை. அது போய்ப் படுத்ததும் வீட்டாருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள்.

ஜப்பானியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். வயதான பூனைக்கு வால் இரண்டாகப் பிளந்து பேயாகிவிடும், அதற்கு நெகோமாதா என்று பெயர். கென்கோ என்ற 14-ஆம் நூற்றாண்டுத் துறவி ஒரு கதை எழுதியிருக்கிறார். பக்கத்தில் நெகோமாதா நடமாட்டம் என்று கேள்விப்பட்ட ஒரு துறவி ராத்திரி தனியாக வீடு திரும்புகிறார், ஓடைக் கரையில் ஏதோ ஒன்று பாய்ந்து கழுத்துக்குத் தாவுகிறது, அலறிக்கொண்டு தண்ணீரில் விழுகிறார், அக்கம்பக்கத்தார் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். பாய்ந்தது அவருடைய சொந்த நாய். எஜமானரைப் பார்த்த சந்தோஷம். அதே ஜப்பானில் கடலோடிகள் மூவண்ண ஆண் பூனையைத் தேடி அலைவார்கள், அது கப்பலில் இருந்தால் புயல் வராது. மரபணுக் கோளாறு இருந்தால் ஒழிய ஆண் பூனைக்கு மூன்று நிறமும் வராது, ஆயிரக்கணக்கில் ஒன்று பிறக்கும், எனவே கிடைப்பதே அதிர்ஷ்டம். 1956-இல் ஜப்பானின் முதல் அண்டார்டிக் ஆய்வுக் குழு கிளம்பியபோது விஞ்ஞானிகளின் கப்பலிலும் அப்படி ஒரு பூனை ஏறியது. தகேஷி என்று பெயர், குழுத் தலைவரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுகிறேன்.

படிப்பு முடித்த வருடம் எனக்கு முதல் நேர்முகத் தேர்வு. வாசல் தாண்டியதும் பக்கத்து வீட்டுக் கரும்பூனை குறுக்கே போனது. அம்மா, "ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போடி" என்றார். இந்தக் காலத்தில் போய் இதெல்லாமா என்று கத்திவிட்டு நடந்தேன். உள்ளே போனதும் என் விண்ணப்பத்தில் நானே எழுதியிருந்த ஒரு விஷயத்தை விளக்கச் சொன்னார்கள். தெரியவில்லை. முந்தின நாள் ராத்திரி புத்தகத்தைத் தொடாமல் தோழிகளோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும். திரும்பி வந்தேன், முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அந்தச் சனியன் குறுக்க வந்தப்பவே நினைச்சேன்" என்றார்.

நான் மறுக்கவில்லை. காலையில் அப்படிக் கத்தியவள், சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா அது ஏன் ஆனது, இது ஏன் ஆனது என்று கேட்க ஆரம்பிப்பதற்குள் பூனை வந்து என்னைக் காப்பாற்றிவிட்டது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சொல்வார்கள், நான் என் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பூனையைக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பூனை எங்கள் பக்கம் வந்தால் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை விசிறி ஊற்றுவார். குறி தப்பாது. அது நனைந்து, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு மதில் ஏறி ஓடும். பல வாரம் நடந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது, அம்மா, நான்தான் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பிறகு அது வருவதை நிறுத்திவிட்டது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் எட்டுப் புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 நொடிக்கு ஒரு முறை தானாக இரை விழும்படி செய்தார். ஆறு புறாக்கள் தாமாக ஒரு சடங்கைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. இரை விழுந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் காரணம் என்று ஒட்டிக்கொண்டது. மூடநம்பிக்கைக்கு விளக்கம் என்று இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இது பாதிதான். புறா தெரியாமல் செய்தது, நான் தெரிந்தே செய்தேன். நம்பாதவளுக்கும் சகுனம் பயன்படுகிறது, அதுதான் அதன் ஆயுள் ரகசியம் என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மா எங்களோடு இருக்கிறார். 'ஏய்' தூங்குவது அவர் மடியில்தான். முதல் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், அப்புறம் ஒரு மழை நாளில் அது போய்க் காலடியில் படுத்துக்கொண்டது, முடிந்தது கதை. எப்படி மனசு மாறினீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

போன வாரம் காலையில் கேட்டைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டேன், 'ஏய்' தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவர், அது குறுக்கே போனதைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றுவிட்டார். நல்ல மனிதர், பார்த்தால் நலம் விசாரிப்பவர். வண்டியை அணைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், யாராவது முதலில் தாண்டுவார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பூனை நடுத்தெருவில் உட்கார்ந்து பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மேலே ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, பதறிப்போய்.

"ஏய், உள்ள வா! யாராவது தண்ணிய ஊத்திரப் போறாங்க!"